சர்க்கரை மாத்திரையைப் படிப்போம்

உங்கள் வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருக்கிறதா? இருந்தால் அவர் சாப்பிடும் மாத்திரை அட்டையை எடுத்து வாருங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தைப் படியுங்கள்.

அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். சிறிய எழுத்துகள் இருக்கும். பெரும்பாலும் ஆங்கில எழுத்துகள். அதனால் என்ன? எண்கள் உங்களுக்குத் தெரியுமே! 500 என்று இருக்கிறதா? அல்லது 850, 1000 என்று இருக்கிறதா? அது ஒரு மாத்திரையில் உள்ள மருந்தின் எடை. மில்லிகிராம் கணக்கு. 1000 மில்லிகிராம் சேர்ந்தால் ஒரு கிராம். 500 என்றால் அரை கிராம்.

அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். மற்றொன்று மருந்தின் சொந்தப் பெயர். கம்பெனிப் பெயர் கடைக்குக் கடை மாறும். மருந்தின் பெயர் மாறாது. பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோய்க்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் தரும் மருந்தின் பெயர் மெட்பார்மின். ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்து 'எம்'. இரண்டு மலைகள் ஒட்டி நிற்பது போல இருக்கும். அட்டையில் அந்த எழுத்தைத் தேடுங்கள். பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்த ஒரு மருந்தைப் பற்றி மட்டும் ஏன் ஒரு பாடம்? நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2023ஆம் ஆண்டில் வெளியானது. அதில் சொன்ன கணக்கு இது. வளர்ந்தவர்களில் 100 பேரில் 11 பேருக்கு இந்த நோய் இருக்கிறது. அவர்களில் மிகப் பலர் மெட்பார்மின் சாப்பிடுகிறார்கள். ஆனால் அது என்ன செய்கிறது என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. தெரியாததால் பயம் வருகிறது. பயத்தில் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

கல்லீரல் என்னும் குதிர்

நாம் சாப்பிடும் சோறு, சப்பாத்தி, களி எல்லாம் வயிற்றில் சர்க்கரையாக மாறுகின்றன. அந்தச் சர்க்கரை இரத்தத்தில் கலக்கிறது. அதுதான் உடம்புக்கு எரிபொருள். மண்வெட்டி பிடிக்கும் கைக்கும் அது வேண்டும். யோசிக்கும் மூளைக்கும் அது வேண்டும்.

மீதமாகும் சர்க்கரையைக் கல்லீரல் சேமித்து வைக்கிறது. வீட்டில் நெல்லைக் குதிரில் கொட்டி வைப்போம் அல்லவா? அது போல. இரவில் நாம் சாப்பிடாமல் தூங்குகிறோம். அப்போது கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையை எடுத்து விடுகிறது. எவ்வளவு விடலாம், எப்போது நிறுத்தலாம் என்று கட்டளை இடுவது இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் என்ற உறுப்பு இன்சுலினைச் சுரக்கிறது.

பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோயில் இன்சுலின் இருக்கும். ஆனால் அதன் சொல்லை உடம்பு சரியாகக் கேட்காது. குதிரின் வாய் சரியாக மூடாது. சாப்பிடாமல் படுத்தாலும் காலையில் இரத்தத்தில் சர்க்கரை கூடி இருக்கும். "ராத்திரி ஒன்றுமே சாப்பிடவில்லை, பிறகு எப்படிச் சர்க்கரை ஏறியது?" என்று பலர் கேட்பார்கள். அதற்கு இதுதான் விடை.

மெட்பார்மின் அந்தக் குதிரின் வாயைக் கொஞ்சம் மூடுகிறது. கல்லீரல் விடும் சர்க்கரையைக் குறைக்கிறது. இன்சுலின் சொல்வதைச் சதைகள் கேட்கவும் உதவுகிறது. கணையத்தை விரட்டி அதிக இன்சுலினைச் சுரக்க வைப்பதில்லை. அதனால் மெட்பார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது அரிது. உடல் எடையையும் இது கூட்டுவதில்லை.

சிறுவர்களுக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் வேறு வகை. அவர்கள் உடம்பில் இன்சுலினே சுரக்காது. அவர்களுக்கு இன்சுலின் ஊசிதான் உயிர். ஊசிக்குப் பதிலாகப் பாட்டியின் மாத்திரையைப் பேரனுக்குக் கொடுக்கவே கூடாது.

ஒரு செடியின் கதை

ஐரோப்பாவில் ஒரு செடி உண்டு. அவரை, துவரை குடும்பத்தைச் சேர்ந்தது. ஊதா நிறத்தில் பூக்கும். பழைய காலத்தில் அங்கே அதை நாட்டு மருந்தாகப் பயன்படுத்தினார்கள். அதில் உள்ள ஒரு பொருள் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்தப் பொருள் நச்சு. செடியை அதிகம் மேய்ந்த செம்மறி ஆடுகள் செத்துப் போயின.

அந்தப் பொருளைப் போன்ற, ஆனால் நச்சு குறைந்த பொருளைத் தேடினார்கள். 1922ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டில் டப்ளின் நகரில் மெட்பார்மினைச் செய்தார்கள். அதே காலத்தில்தான் இன்சுலினும் வந்தது. எல்லோரும் இன்சுலினையே பேசினார்கள். மெட்பார்மினை மறந்துவிட்டார்கள். 1957ஆம் ஆண்டில் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு டாக்டர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து, பலன் தருகிறது என்று எழுதினார்.

அப்போதும் அது எளிதாகப் பரவவில்லை. அதற்கு பென்பார்மின் என்று ஒரு பங்காளி மருந்து இருந்தது. அது இரத்தத்தில் அமிலத்தைக் கூட்டிச் சிலர் உயிரைக் குடித்தது. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் அதை நிறுத்தினார்கள். இந்தியாவிலும் 2003இல் தடை செய்தார்கள். பங்காளி செய்த தப்புக்கு மெட்பார்மினையும் சந்தேகப்பட்டார்கள். 1998ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு நீண்ட ஆய்வின் முடிவு வந்தது. உடல் பருத்த சர்க்கரை நோயாளிகளில் மெட்பார்மின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் சாவும் குறைந்திருந்தன. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் அவசிய மருந்துகள் பட்டியலில் இது இருக்கிறது. விலையும் குறைவு. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தருகிறார்கள்.

செடியில் இருந்து பிறந்த மருந்து என்றதும் பச்சிலையைத் தேடிக் கிளம்ப வேண்டாம். ஆடுகள் செத்ததை மறக்காதீர்கள். சந்தையில் பெயர் இல்லாத பொட்டலத்தில் 'சர்க்கரைப் பொடி' விற்பார்கள். "மூலிகை மட்டும்தான்" என்பார்கள். இப்படி விற்ற சில பொடிகளைச் சோதித்தபோது அவற்றில் ஆங்கில மருந்தே கலந்திருந்தது. எவ்வளவு கலந்தது என்று யாருக்குத் தெரியும்? அட்டையில் உள்ள மாத்திரைக்கு எடை உண்டு, தேதி உண்டு. பொட்டலத்துக்கு அது இல்லை.

நர்ஸம்மாவிடம் கேட்டது

துணை சுகாதார நிலையத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். வயது ஐம்பது இருக்கும். களை எடுக்கும் வேலைக்குப் போகிறவர். கையில் இருந்த அட்டையில் ஒரு மாத்திரைதான் குறைந்திருந்தது.

"என்ன அக்கா, போன மாசம் கொடுத்த மாத்திரை அப்படியே இருக்கு?"

"நிறுத்திட்டேன் நர்ஸம்மா. முதல் அட்டை முழுசும் சாப்பிட்டேன். வயிறு பொருமிச்சு. நாலு தடவை வெளியே போச்சு. வேலைக்காட்டில் எங்கே போய் ஒதுங்குறது? ரெண்டாவது அட்டையில் ஒண்ணு போட்டேன். போதும்னு வச்சிட்டேன்."

"எப்போ சாப்பிட்டீங்க?"

"விடியக் காலம் அஞ்சு மணிக்கு. டீ கூடக் குடிக்காமல். கஞ்சி பத்து மணிக்குத்தானே குடிப்போம்."

"அதுதான் காரணம் அக்கா. இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடக் கூடாது. கஞ்சி குடிக்கும்போது நடுவிலோ, குடிச்ச உடனேயோ போடணும். முதல் ஒரு வாரம், ரெண்டு வாரம் வயிறு கொஞ்சம் படுத்தும். வாயில் இரும்பு கடிச்ச மாதிரி ருசி தெரியும். பெரும்பாலும் அதுவே அடங்கிடும். அடங்கலைன்னா டாக்டர்கிட்ட சொல்லலாம். அளவைக் குறைச்சுத் தொடங்குவார். மெதுவாகக் கரையும் மாத்திரையும் இருக்கு. நீங்களாக நிறுத்தாதீங்க."

"மெதுவாகக் கரையுறதா? எங்க மச்சாண்டாருக்கு அதுதான் கொடுத்தாங்க. அவருக்கு மாத்திரை வெளிக்குப் போகும்போது முழுசாகவே வந்திடுச்சாம்! அது கரையவே இல்லைன்னு தூக்கி எறிஞ்சிட்டார்."

நர்ஸம்மா சிரித்தார். "அது மேல் கூடு அக்கா. மருந்து உள்ளே இறங்கிடும். கூடு மட்டும் சில பேருக்கு வெளியே வரும். பயப்பட ஒண்ணும் இல்லை. அந்த மாத்திரையை உடைக்கக் கூடாது, மெல்லக் கூடாது. உடைச்சால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் கலந்திடும்."

அந்த அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணு கேட்கட்டுமா? எங்க அண்ணனுக்குக் கிட்னி போச்சு. காலையும் எடுத்தாங்க. பத்து வருஷமாக இந்த மாத்திரைதான் சாப்பிட்டார். மாத்திரைதான் கிட்னியைத் தின்னுடுச்சுன்னு ஊரெல்லாம் பேசுறாங்க. எனக்கும் அப்படி ஆகிடுமோன்னுதான்..."

"தினமும் சாப்பிட்டாரா அக்கா?"

"எங்கே? மயக்கமாக இருந்தால் சாப்பிடுவார். உடம்பு நல்லா இருந்தால் விட்டுடுவார்."

"சோதனை?"

"கடைசியில்தான் பார்த்தாங்க. நானூறுன்னு சொன்னாங்க."

"மாத்திரை கிட்னியைக் கெடுக்கலை அக்கா. வருஷக் கணக்காக ஏறி நின்ன சர்க்கரைதான் கெடுக்கும். கிட்னியில் மயிரை விட மெல்லிய இரத்தக் குழாய்கள் இருக்கு. சர்க்கரை அதையெல்லாம் பழுதாக்கும். காலில் உணர்ச்சி போகும், புண் ஆறாது. கடைசியில் கிட்னி கெட்ட பிறகு டாக்டர் இந்த மாத்திரையை நிறுத்துவார். ஏன்னா இந்த மருந்தைச் சிறுநீரில் வெளியேத்துறது கிட்னிதான். கிட்னி வேலை செய்யலைன்னா மருந்து உடம்பில் தேங்கும். டாக்டர் நிறுத்தினதைப் பார்த்துட்டு, மாத்திரைதான் காரணம்னு சனங்க நினைக்கிறாங்க."

இந்த இடத்தை இன்னொரு முறை படியுங்கள். நம் ஊர்களில் இந்த மாத்திரையைப் பற்றி உள்ள பெரிய பயம் இதுதான். இந்தப் பயத்தால் மாத்திரையை விட்டவர்கள் பலர். எதற்குப் பயந்தார்களோ அதுவே பிறகு வந்து சேர்கிறது.

ஆனால் ஒன்று உண்மை. மெட்பார்மின் சாப்பிடுபவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறுநீரகச் சோதனை செய்ய வேண்டும். அதற்குக் 'கிரியேட்டினின்' சோதனை என்று பெயர். கொஞ்சம் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். முடிவைப் பார்த்து டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார்.

எப்போது நிறுத்தி வைக்க வேண்டும்?

கடும் வாந்தி, பேதி, காய்ச்சல் வந்து சாப்பிடவும் தண்ணீர் குடிக்கவும் முடியவில்லை என்றால் உடம்பில் நீர் வற்றும். அப்போது சிறுநீரகம் சோர்ந்துவிடும். அந்த நாட்களில் மெட்பார்மினை நிறுத்தி வைத்து உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். உடம்பு தேறிச் சாப்பிடத் தொடங்கியதும் அவர் சொல்லும்போது மீண்டும் தொடங்கலாம். இன்சுலின் போடுபவர்கள் இன்சுலினைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

ஆபரேஷனுக்குப் போகும்போதும், ஊசியில் மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்கும்போதும் "நான் மெட்பார்மின் சாப்பிடுகிறேன்" என்று முன்பே சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். கருவுற்ற பெண்களும், ஈரல் கெட்டவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சாராயம் அதிகம் குடிப்பவருக்கு இந்த மருந்து ஆபத்து. இரத்தத்தில் அமிலம் கூடும். இது அரிதாகத்தான் வரும். வந்தால் உயிருக்கு ஆபத்து. வேகமாக மூச்சு வாங்குவது, வயிற்று வலி, கடும் சோர்வு, சதை வலி எல்லாம் சேர்ந்து வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களுக்கு இன்னொரு குறை வரலாம். பி12 என்ற வைட்டமின் குறையும். கால் மரத்துப் போகும், நாக்கு எரியும், சோர்வாக இருக்கும். "எல்லாம் சர்க்கரையால்தான்" என்று விட்டுவிடுவார்கள். டாக்டரிடம் "பி12 பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கறி, முட்டை, பால் சாப்பிடாதவர்கள் அவசியம் கேளுங்கள். அதற்கு மருந்து உண்டு.

இரண்டு அட்டை, ஒரே மருந்து

ஒரு கொத்தனார் அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கினார். பிறகு டவுனில் ஒரு தனியார் டாக்டரைப் பார்த்தார். பழைய மாத்திரையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அவரும் மாத்திரை எழுதினார். ஒரு அட்டை வெள்ளி நிறம். மற்றது பச்சை. பெயர்களும் வேறு வேறு. கொத்தனார் இரண்டையும் சாப்பிட்டார். பதினோரு மணிக்குச் சாரத்தின் மேல் நிற்கும்போது கை நடுங்கியது. வியர்த்துக் கொட்டியது. கண் இருண்டது. கூட இருந்தவர்கள் பிடித்து இறக்கினார்கள். இல்லாவிட்டால் விழுந்திருப்பார்.

நடந்தது என்ன? இரண்டு அட்டையிலும் மெட்பார்மினோடு 'கிளிமிபிரைடு' என்ற மருந்தும் சேர்ந்திருந்தது. அது கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. 'கிளிபென்கிளமைடு' என்பதும் அதே வகை. இவற்றை இரண்டு மடங்கு சாப்பிட்டால், அல்லது சாப்பிட்டுவிட்டுச் சோறு தின்னாமல் இருந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கும். விரதம், நோன்பு இருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அப்படி இறங்கினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். உட்கார வேண்டும். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை குடிக்க வேண்டும். பிறகு சாப்பிட வேண்டும். நினைவு இழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். 108க்குப் போன் செய்யுங்கள்.

அட்டையில் இரண்டு எண்கள் இருந்தால் கவனியுங்கள். 500 என்று ஒன்றும், 1 அல்லது 2 என்று மற்றொன்றும் இருந்தால், அது பெரும்பாலும் இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை. எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

ஒரு வேளை மாத்திரையை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு ஒன்று மட்டும் சாப்பிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

நடையும் மாத்திரையும்

சென்னையில் நடந்த ஒரு ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரைச் சேர்த்தார்கள். நான்கு குழுவாகப் பிரித்து மூன்று ஆண்டுகள் பார்த்தார்கள். சாதாரண அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. தினமும் நடந்து, உணவைத் திருத்தியவர்களில் 39 பேருக்கு வந்தது. மெட்பார்மின் மட்டும் சாப்பிட்டவர்களில் 40 பேருக்கு வந்தது. இரண்டையும் செய்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். நோய் வரும் முன் தடுப்பதில் நடை மாத்திரைக்குச் சமமாக நின்றது. நோய் வந்த பிறகோ பெரும்பாலோருக்கு இரண்டும் வேண்டும். மாத்திரை போட்டாயிற்று என்று இரண்டு தட்டுச் சோறு தின்றால் மாத்திரை என்ன செய்யும், பாவம்!

30 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் சர்க்கரைச் சோதனை செய்கிறார்கள். வெறும் வயிற்றில் 100க்குள் இருந்தால் நல்லது. 126 அல்லது அதற்கு மேல் என்றால் மீண்டும் சோதித்து உறுதி செய்வார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையும் உண்டு. அதில் 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய்.

எழுதிப் பழகுங்கள்

களை எடுக்கும் அந்த அம்மாவும் அறிவொளி மையத்தில் படித்தவர்தான். நர்ஸம்மா கொடுத்த தாளில் அவரே எழுதிய சீட்டு இது. இதைப் பார்த்து உங்கள் வீட்டுக்கு ஒன்று எழுதுங்கள். அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

மாத்திரை: மெட்பார்மின்
எடை: 500
காலை: கஞ்சி குடித்ததும் 1
இரவு: சாப்பிட்டதும் 1
இன்றைய சர்க்கரை, வெறும் வயிற்றில்: 168
கிட்னி சோதனை செய்த தேதி:
அடுத்து வர வேண்டிய தேதி:

விடை சொல்லுங்கள்

1. நர்ஸம்மாவிடம் வந்த அம்மாவுக்கு ஏன் வயிறு கெட்டது?
2. அண்ணனின் சிறுநீரகம் எதனால் கெட்டது? டாக்டர் ஏன் பிறகு மாத்திரையை நிறுத்தினார்?
3. கொத்தனார் டவுன் டாக்டரிடம் என்ன சொல்லியிருக்க வேண்டும்?
4. உங்கள் கையில் உள்ள அட்டையில் எத்தனை எண்கள் உள்ளன? காலாவதி ஆகும் மாதமும் ஆண்டும் எங்கே இருக்கின்றன? கண்டுபிடித்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுங்கள்.